கல்லுக்கும் லொறிக்கும் நடுவே இரண்டு விரல்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் மேல் லயத்துக்கும் மிச்ச உலகத்துக்கும் நடுவில் ஒரு கல் படுத்திருந்தது. யாரும் கொண்டுவந்து போட்டதில்லை, மலையோடு பிறந்த பாறை. ரொட்டிச் சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் பாதையின் குறுக்கே முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். கொட்டகலையிலிருந்து தோட்டத்துக்குள் வருகிற எந்த வண்டியும் அதுவரைதான் வரும். முன்சக்கரம் இரண்டும் கல்லில் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது வண்டியின் வயிறு கல்லின் முதுகில் உட்கார்ந்துவிடும். அப்புறம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எங்கள் லயத்தின் பெயரைச் சொன்னாலே ஓட்டோக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கல்லிலிருந்து லயம் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மைல் ஏற்றம். அரிசி, மாவு, மண்ணெண்ணெய், கல்யாணப் பெண்ணின் அலுமாரி எல்லாம் அங்கிருந்து தலையிலும் முதுகிலும்தான் ஏறி வந்தன.

கல்லை உடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். தோட்டத்துக் கல்; துரையிடம் கேட்காமல் உளி வைக்க முடியாது. கேட்டால் அடுத்த மாதம் பார்ப்போம் என்பார்கள். அந்த அடுத்த மாதம் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மண் கொட்டிச் சரிவு அமைத்தும் பார்த்தார்கள். ஒரே மழைதான். மண்ணெல்லாம் தேயிலைக்குள் போய்ச் சேர்ந்தது, கல் குளித்து முழுகிப் பளபளவென்று கிடந்தது.

என் மாமா, அம்மாவின் தம்பி, கொட்டகலையில் ஒரு மரக்கறி முதலாளியின் சின்ன லொறியை ஓட்டினார். தினமும் லொறியைக் கல்லுக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறி வருவார். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. நானும் அம்மாவும் ஒரு காம்பராவில், மாமாவும் அத்தையும் அடுத்த காம்பராவில். நான் தரம் நான்கு படித்தேன். கணக்கில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. கையில் கிடைத்ததையெல்லாம் அடிமட்டத்தால் அளந்துகொண்டிருப்பேன். தோட்டத்தில் பேர் பதிகிறவரின் பட்டத்தையே எனக்குச் சூட்டி, மாமா என்னைக் "கணக்கப்புள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

முந்தின வருட மழைக்காலத்தில் ஒரு நாள் அத்தைக்கு வயிற்று வலி வந்தது. அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். நான்கு பேர் அவளைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, வழுக்குகிற பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாமா முன்னால் ஓடிப்போய்க் கல்லடியில் லொறியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாராம். மூன்று நாள் கழித்து அத்தை வெறுங்கையோடு வந்து படுத்தாள். வயிற்று வலிக்கு ஏன் இத்தனை நாள் அழுகிறாள் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். தொடையில் நன்றாக ஒரு கிள்ளு கிடைத்தது.

அந்த வருடம் போய் அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அம்மனுக்கு மரத்தேர் கிடையாது. லொறியைத்தான் ஜோடித்துத் தேராக்குவோம். தேர் ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் போகும், மேல் லயத்துக்கு மட்டும் வராது. நாங்கள்தான் இறங்கி வந்து கல்லடியில் கும்பிட வேண்டும். அன்றைக்கு மாமா எழுந்து நின்றார்.

"இந்த வருசம் அம்மன் எங்க லயத்துக்கும் வரணும். தேருக்கு நான் லொறி தர்றேன், கல்லைத் தாண்டி நானே ஓட்டுறேன்."

கோயில் தலைவர் சிரித்தார். "ஏம்ப்பா, றெக்கை கட்டப் போறியா?"

"லொறியை ஒசத்தப் போறேங்க," என்றார் மாமா.

கூட்டமே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மாமா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மறுநாளே முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி பக்திமான். சும்மா கேட்டிருந்தால் வண்டியில் ஆணி அடிக்கக்கூட விட்டிருக்கமாட்டார். அம்மனுக்கு என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சம்மதித்தார், திருவிழா முடிந்ததும் பழையபடி இறக்கிவிட வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகலை கராஜிலிருந்து வண்டி திருத்துகிற ஒரு பாஸ் வந்தார். சிங்களவர், வயதானவர், தமிழை ஸ்பெனர் பிடிப்பதுபோல் அழுத்திப் பேசுவார். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்காரர்கள் வரிசையாக நிற்கிற சமதரையில், லொறியை நிறுத்தினார்கள். நான் அடிமட்டத்தோடு கீழே நுழைந்து அளந்தேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்ச் சட்டி தொங்கும், அதுதான் ஆகத் தாழ்ந்த இடம். அதற்கும் தரைக்கும் எட்டேகால் அங்குலம். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பின்சக்கரங்களுக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் ஸ்பிரிங். இரண்டு பக்கமும் அடுக்கைப் பிரித்து, இன்னொரு பட்டையைச் சேர்த்து, நீளமான போல்ட் போட்டு இறுக்கினார் பாஸ். முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே பட்டையும் இல்லை, சுருளும் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக நீளமான இரும்புக் கம்பி போகிறது. அந்தக் கம்பி முறுகி நிற்கிற பலத்தில்தான் லொறியின் மூக்கு நிற்கிறது. கம்பியின் முனையில் ஒரு போல்ட். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அந்தப் போல்ட்டை இறுக்கினால் கம்பி இன்னும் முறுகும், மூக்கு உயரும். மாமா போல்ட்டுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே இருந்தார், பாஸ் சுற்றை எண்ணினார். ஐந்தாவது சுற்றில் நிறுத்திவிட்டார்.

"இன்னொரு சுத்து போடுங்க பாஸ்," என்றார் மாமா.

"எப்பா, எப்பா, வேணாம்! ஆறு போட்டா சக்கரத்து மூட்டு ஒடையும். சாமியும் பள்ளத்துல, நீயும் பள்ளத்துல."

லொறியை இறக்கியதும் நான் அடிமட்டத்தோடு பாய்ந்தேன். பாஸ் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இறக்கின கையோடு அளக்கக் கூடாதாம். முன்னும் பின்னும் உருட்டி வண்டியை உட்காரவிட்ட பிறகுதான் சரியான அளவு வருமாம். உருட்டினோம். பத்தே முக்கால்! இரண்டரை அங்குலம் ஏறியிருந்தது. நானே தூக்கிவிட்டதுபோல் களத்தைச் சுற்றி ஓடினேன்.

வெறும் லொறியைக் கல்லடிக்குக் கொண்டுபோனார் மாமா. முன்சக்கரம் ஏறியது, இறங்கியது, பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் லயத்துப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தேயிலைக்குள்ளிருந்து ஒரு முயல் எழுந்து ஓடியது. மாமா மேலே போகவில்லை. முதலில் போகவேண்டியது அம்மன்தான் என்று சொல்லி, ரிவர்சிலேயே கல்லைத் தாண்டி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் தோட்டம் முழுக்க என் கொப்பியைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். கோயில் தலைவரிடமும் காட்டினேன். கண்ணாடி இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

திருவிழா அன்று பகல் இரண்டு மணிக்குத் தேர் புறப்பட்டது. அம்மன், அம்மனுக்குப் பூசாரி, பூசாரிக்கு ஓர் ஆள், விளக்குகளுக்கு ஒரு ஜெனரேட்டர். எங்கள் தோட்டத்து வழக்கம் என்னவென்றால், தேர் வாசலுக்கு வந்தால் யாரும் வெறுங்கையோடு கும்பிடக் கூடாது. அன்னதானத்துக்கு என்று தேரிலேயே ஏற்றிவிட வேண்டும். முதல் லயத்தில் தேங்காய் மூட்டை. இரண்டாவதில் அரிசி. மூன்றாவதில் வாழைத்தார், நான்காவதில் பூசணிக்காய். ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பெரிய மனிதர்களும் ஏறிக்கொண்டார்கள். தலைவர், தலைவரின் மருமகன், தவில்காரர்கள். கல்லடிக்கு வரும்போது அம்மன் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

முன்சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. கர்ர்ர் என்று ஒரு சத்தம். என் பல்லெல்லாம் கூசியது. மாமா பிரேக்கை மிதித்தார்.

வெறும் லொறியை அளந்தது என் தப்பு. சமதரையில் அளந்து, கொப்பியில் எழுதி, ஊரெல்லாம் காட்டிய பத்தே முக்கால் இந்தச் சுமைக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது. மாமாவுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தினமும் மூட்டை ஏற்றுகிற மனிதர்! ஆனால் தேர் என்றாலே அம்மன் மட்டும்தான் எங்கள் எல்லோர் நினைப்பிலும் இருந்தது. அம்மனுக்குக் கனம் உண்டா என்ன?

"நான் அன்னைக்கே சொன்னேனே," என்றார் தலைவர் மேலேயிருந்தபடியே. "ரிவர்ஸ் எடு."

பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "பொறப்பட்ட தேரு பின்னால போகக் கூடாதுங்க. தோட்டத்துக்கே ஆகாது."

"அப்ப ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு எடுக்கட்டும்."

மாமா லொறியிலிருந்து இறங்கினார். முகம் கல்லைவிட இறுகியிருந்தது. "எடுக்க மாட்டேன்," என்றார். "எல்லாரும் எறங்குங்க. அம்மனும் பூசாரியும் இருந்தா போதும்."

"நானுமா?" என்றார் தலைவர்.

"நீங்கதாங்க மொதல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே விசில் அடிக்கவேண்டும்போல் இருந்தது. அரிசி இறங்கியது, தேங்காய் இறங்கியது, பூசணிக்காய் ஒன்று உருண்டு தேயிலைக்குள் போனது. ஜெனரேட்டரை அணைத்து நான்கு பேர் இறக்கினார்கள். விளக்குகள் அணைந்ததும் அந்திவெளிச்சத்தில் அம்மன் முகம் மட்டும் தெரிந்தது. எங்கள் லயத்துப் பெண்கள் யாரும் சொல்லாமலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டைகளைத் தூக்கினார்கள். கொழுந்துக் கூடை சுமக்கிற முதுகுகள், அவர்களுக்கு அது பெரிய காரியமில்லை.

"கணக்கப்புள்ளை! பாத்துச் சொல்லு," என்றார் மாமா.

நான் கல்லில் குப்புறப் படுத்தேன். "பொம்பளப் புள்ள அம்மனுக்கு அடியில போகக் கூடாது!" என்று பூசாரி கத்தினார். நான் அதற்குள் பாதி உள்ளே போய்விட்டேன். அடிமட்டம் நிமிர்ந்து நிற்க இடமில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். எண்ணெய்ச் சட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தன, மூன்றாவது நுழையவில்லை.

"ரெண்டு விரல் இருக்கு மாமா!"

"நெசமாவா?"

"சாமி மேல சத்தியமா!" சாமி அப்போது எனக்கு நேர் மேலேதான் இருந்தது.

என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு மாமா ஏறினார். லொறி எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது. சத்தமே இல்லை. பின்சக்கரமும் இறங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். இருட்டுவதற்கு முன்னால் அம்மன், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எங்கள் மேல் லயத்துக்கு வந்தாள்.

அத்தை காம்பரா வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். அந்த மூன்று நான்கு மாதமாக அவளை மலைக்கு வேலைக்கும் அனுப்புவதில்லை, கோயிலுக்கும் இறங்கவிடுவதில்லை. வீட்டில் முட்டை அவித்தால் அத்தைக்கு மட்டும்தான். சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு வைத்துவிட்டது என்று நான் வயிற்றெரிச்சலோடு நினைத்துக்கொண்டிருந்தேன். சேலையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தவள் அம்மனுக்குத் தீபம் காட்டினாள். பிறகு லொறியின் முன்பக்கம் வந்து, சேறு படிந்த சக்கரத்துக்கு மேலே இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமா இருக்கையிலிருந்து இறங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. சாமியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால், இவள் டயரைக் கும்பிடுகிறாளே!

திருவிழா முடிந்து ஒரு மாதமாயிற்று, இரண்டு மாதமாயிற்று. லொறி உயர்ந்தபடியே நின்றது. அந்த உயரத்தில் அது குதித்துக் குதித்து ஓடியதில் தக்காளியெல்லாம் சாறாகிறது என்று முதலாளி புலம்பினார். ஒரு சனிக்கிழமை நானும் மாமாவோடு கடைக்குப் போயிருந்தேன்.

"என்னப்பா, இன்னும் எறக்கலியா?" என்றார் முதலாளி.

"போல்ட்டு துரு புடிச்சிருச்சுங்க முதலாளி. அசைய மாட்டேங்குது."

நான் சும்மா இருப்பேனா? "துருவே இல்லீங்க! மாமா நேத்துக்கூட கிரீஸ் போட்டாங்க, நான்தான் துணி புடிச்சேன்."

மாமா என்னை அறைவார் என்று நினைத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். முதலாளி என் கையில் ஒரு பணிஸைக் கொடுத்து, வெளியே போய்த் தின்னச் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார், முதலாளி அவர் தோளில் கை வைத்தார். நான் திரும்பி வந்ததும் முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் பாத்தேன் பாப்பா. துருதான். ஆடி முடியிற வரைக்கும் அப்பிடியே கெடக்கட்டும்."

இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்துகொண்டு ஒரே பொய்யைச் சொல்கிறார்கள்! பணிஸைக் கொடுத்து என் வாயையும் அடைத்துவிட்டார்கள். வீடு வரும்வரை மாமாவோடு நான் பேசவில்லை.

ஆடி மாத மழை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு ஏறி வருகிறேன், கல்லடியில் கரட் மூட்டைகள் கிடக்கின்றன. கொழும்புக்குப் போகவேண்டிய மூட்டைகள். அவசரத்தில் தள்ளிவிட்டதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, மேலே தறப்பாள் பாதி மூடியும் பாதி மூடாமலுமாக. பக்கத்தில் மேலதிக டயர், ஜாக்கி, ஸ்பெனர் பெட்டி, இருக்கைக்குப் பின்னால் வைக்கிற தண்ணீர்க் கேன் எல்லாம். லொறியைக் காணவில்லை. மாமாவையும் காணவில்லை. இரண்டு ஆடுகள் ஏற்கெனவே ஒரு மூட்டையின் மூலையைப் பிய்க்க ஆரம்பித்திருந்தன.

மாமாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். லயத்துக்கு ஓடிச் சொல்லலாம். அதற்குள் ஆடுகள் முதலாளியின் கரட்டில் விருந்து வைத்துவிடும். புத்தகப் பையைத் தறப்பாளுக்கு அடியில் செருகி, மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, அடிமட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மழை கனத்தது. ஆடுகளை நான்கு தரம் விரட்டினேன். குளிரில் பல் தந்தியடித்தது, பசி வேறு. ஆனால் அசையவில்லை. ஒரு கரட்டைக்கூடக் கடிக்கவில்லை, எண்ணினால் குறையுமே என்று.

பொழுது சாய்கிற நேரத்தில் லொறி கீழேயிருந்து வந்தது. மாமா இறங்கினார். சட்டையைப் புறம் மாற்றிப் போட்டிருந்தார், காலில் செருப்பில்லை. என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"நீ எம்புட்டு நேரமா இங்க இருக்க?"

"என்னைக் கேக்குறீங்களா? முதலாளியோட கரட்டை இப்பிடி ரோட்டுல கொட்டிட்டுப் போயிட்டீங்களே, ஆடு தின்னா யாரு பதில் சொல்றது?"

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கல்லின்மேல் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பயந்துபோய் மூட்டையிலிருந்து இறங்கினேன்.

"பொம்பளப் புள்ள," என்றார். "ஆஸ்பத்திரியில. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்தார். "இத்தனையையும் எறக்கிப்புட்டு, வெறும் லொறியை வாசல் வரைக்கும் கொண்டுபோய்த்தான் அத்தையை ஏத்திக்கிட்டு வந்தேன். எறங்கி அளக்க நேரமில்ல, கணக்கப்புள்ளை. நீ சொன்ன ரெண்டு விரலை நம்பித்தான் தாண்டுனேன்."

அந்தச் சித்திரையில் கோயில் தலைவர், பூசாரி, முதலாளி, எங்கள் லயம் முழுக்க, எல்லோரும் மாமா அம்மனுக்காக லொறியை உயர்த்தினார் என்று நம்பினோம். அவர் அம்மனையே ஏற்றி ஒத்திகை பார்த்திருக்கிறார். முந்தின வருடம் அத்தை கம்பளியில் தொங்கியபடி இறங்கிப்போய் எதை இழந்துவிட்டு வந்தாள் என்பதும், ஐந்து சுற்று போதாமல் ஆறாவது சுற்று கேட்டவரின் மனதில் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின. அன்றைக்கு, அந்த மழையில், மாமா அழுது முடியும்வரை நான் பக்கத்தில் நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று இருந்தன.

"சரியா இருக்கு மாமா," என்றேன். "ஒண்ணும் கொறையல."